என்ஜினியரிங் படித்தவர் மிஸ்ஸி (நர்ஸ்) ஆகலாமா?

கேள்வி, 2 மார்ச் 2025, பிரிக்பீல்ட்ஸிலிருந்து

தொடர்புத்துறையில் பட்டம் வாங்கி நான்கு வருஷம் ஆகிறது. வயது 27. நர்சிங் படிக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஓர் எண்ணம். டிகிரி கையில் இருப்பதால் நேராக மாஸ்டர்ஸ் சேரலாம், இரண்டே வருஷத்தில் நர்ஸ் ஆகிவிடலாம் என்கிறார் ஓர் ஏஜென்ட். பட்டதாரிப் பெண் போய் பெட்பேன் தூக்குவதா என்று அம்மா அழுகிறார். இந்த வழியில் யாராவது போயிருந்தால் உண்மையைச் சொல்லுங்கள்.

பதில், 2 மார்ச், இரவு 11.20

ஏஜென்ட் சொல்வது சில நாடுகளுக்குப் பொருந்தும், மலேசியாவுக்குப் பொருந்தாது. இன்னும் காசு கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். ஷிப்ட் இடைவேளையில் எழுதுகிறேன், மீதி நாளைக்கு.

3 மார்ச்

எனக்கு 31 வயது. பட்டர்வொர்த். மெக்கானிக்கல் படித்துவிட்டு ஏழு வருஷமாகப் பயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் வேலை. நர்சிங்குக்கு மனுப் போட ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அதில் முதல் ஆறு மாதம் வீணாகப் போனது. எப்படிப் போனது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மாஸ்டர் ஆஃப் நர்சிங் என்ற பெயரில் இரண்டு விதமான படிப்பு இருக்கிறது. ஒன்று, ஏற்கனவே பதிவு பெற்ற நர்ஸ் மேலே படிப்பது. இன்னொன்று, வேறு துறையில் பட்டம் வாங்கியவர் நர்ஸாகப் பதிவு பெறுவதற்குப் படிப்பது. பெயர்ப்பலகை ஒன்றுதான், உள்ளே போனால் கடை வேறு. மலேசியாவில் நர்சிங் மாஸ்டர்ஸ் என்றால் முதல் வகை. இரண்டாவது வகை ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா போன்ற இடங்களில் இருக்கிறது.

எனக்கு மனுப் போட்டுக்கொடுத்த ஏஜென்ட் முதல் வகைக்குப் போட்டுவிட்டார். உங்கள் நர்சிங் பதிவுச் சான்றிதழை அனுப்புங்கள் என்று பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தபோதுதான் எனக்கு விளங்கியது. மனுக் கட்டணமும் அவருக்குக் கொடுத்த 800 வெள்ளியும் (ரிங்கிட்) போனது போனதுதான். வெள்ளியை விட அந்த ஆறு மாதம்தான் வயிற்றெரிச்சல்.

அதனால் எந்தப் படிப்பைப் பார்த்தாலும் முதலில் ஒரு விஷயத்தைத் தேடுங்கள். முடித்ததும் அந்த நாட்டு நர்சிங் வாரியத்தில் பதிவு செய்யத் தகுதி கிடைக்குமா? கிடைக்கும் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதியிருக்கவில்லை என்றால் அது உங்களுக்கான படிப்பு இல்லை.

6 மார்ச்

எந்த யூனிவர்சிட்டி நல்லது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். எந்த நாட்டில் நர்ஸாகப் பதிவாக வேண்டும்? நானும் தரவரிசைப் பட்டியலை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். பதிவு எங்கே என்று முடிவானதும் பாதிப் பட்டியல் தானாக அடிபட்டுப் போனது.

ஆஸ்திரேலியா: இரண்டு வருஷம். சிட்னி பல்கலைக்கழகத்தில் கிராஜுவேட் என்ட்ரி மாஸ்டர் ஆஃப் நர்சிங், மெல்பர்னில் மாஸ்டர் ஆஃப் நர்சிங் சயன்ஸ். இப்படி இன்னும் பல. நிறைய இடங்களில் எந்தத் துறைப் பட்டமும் போதும், சில இடங்களில் உடற்கூறியலும் உடலியங்கியலும் படித்திருக்க வேண்டும் என்பார்கள். படிப்புக்குள் குறைந்தது 800 மணி நேரம் மருத்துவமனைப் பயிற்சி, சம்பளம் கிடையாது. ஒரு நாளைக்கு எட்டு மணி என்றால் நூறு நாள்.

பிரிட்டன்: அங்கே சட்டமே மணிக்கணக்கில்தான். மொத்தம் 4,600 மணி, அதில் 2,300 பாடம், 2,300 பயிற்சி. பட்டதாரிகளின் முன்படிப்பையும் அனுபவத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு இரண்டு வருஷமாகக் குறைக்கிறார்கள். இதனால் சில கல்லூரிகள் மனுவிலேயே பராமரிப்பு வேலை செய்த மணிகளுக்குச் சான்று கேட்கும். இன்னொன்று, பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு உள்ளவர்கள் என்ற நான்கில் எதில் நர்ஸாகப் போகிறீர்கள் என்பதை மனுப் போடும்போதே சொல்லியாக வேண்டும். உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு அங்கே எடுபடாது. லண்டன் கிங்ஸ் காலேஜில் இந்தப் படிப்பு இருக்கிறது. 1860-இல் நைட்டிங்கேல் அம்மையார் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தொடங்கிய பள்ளி இன்று அந்தக் கல்லூரிக்குள்தான் இருக்கிறது. எனக்கு அங்கே போக ஆசை இருந்தது, ஒரு நாளாவது அந்த வாசலில் நிற்க வேண்டும் என்று.

அமெரிக்கா: பேச்சிலர்ஸாகவே 12 முதல் 18 மாதத்தில் முடிக்கும் துரித வகுப்பும் உண்டு, நேரடி மாஸ்டர்ஸும் உண்டு. ஆனால் உள்ளே போவதற்கு முன்பே உடற்கூறியலும் உடலியங்கியலும் இரண்டு பருவம், நுண்ணுயிரியல், புள்ளியியல், உளவியல் என்று ஒரு வரிசை கேட்பார்கள், ஆய்வுக்கூடத்தோடு. பழைய பாடங்களுக்குக் காலாவதி வைத்திருக்கும் கல்லூரிகளும் உண்டு. என் டிரான்ஸ்கிரிப்டில் தெர்மோடைனமிக்ஸ் மூன்று பருவம் இருக்கிறது, நுண்ணுயிரியல் ஒரு மணி நேரம்கூட இல்லை. இந்த வழியை அன்றைக்கே மூடிவிட்டேன்.

6 மார்ச், மறுபடியும்

விட்டுப்போனது. அமெரிக்காவில் படிப்பு முடிந்ததும் என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் உரிமத் தேர்வு. குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, ஐந்து மணி நேரம். நீங்கள் பதில் சொல்லச் சொல்ல, அதைப் பார்த்து அடுத்த கேள்வி வரும்.

9 மார்ச்

"நல்ல சம்பள வேலையை விட்டுவிட்டு ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்பாவுக்கு நான்கு வருஷமாக டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். 2023-இல் ஒரு புதன்கிழமை நான்தான் அழைத்துப்போனேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். மிஸ்ஸி வந்து மிஷினையும் பார்க்கவில்லை, எடையையும் பார்க்கவில்லை. முதலில் அப்பாவின் இடது கையில் ஃபிஸ்டுலா மேல் இரண்டு விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்காமல் அப்படியே நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "நேற்று ராத்திரி அங்கிள் இந்தக் கை மேல் படுத்துத் தூங்கினாரா?" என்றார். தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த இடம் அது. ரத்தம் ஓடும்போது பூனை உறுமுவது போல ஓர் அதிர்வு இருக்கும். அன்றைக்கு அது மங்கலாக இருந்திருக்கிறது. ஊசி குத்தவே இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ரத்தம் கட்ட ஆரம்பித்திருந்தது. அதே நாளில் எடுத்துவிட்டார்கள், கை பிழைத்தது.

நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு மிஷின் கெடப் போவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க எத்தனை சென்சார், எத்தனை கூட்டம். அந்த மிஸ்ஸி இரண்டு விரலில் கண்டுபிடித்தார். அன்றிலிருந்துதான்.

22 மார்ச்

நல்ல செய்தி. ஆஸ்திரேலிய தாதியர் வாரியம் ஆங்கிலத் தகுதியை மாற்றியிருக்கிறது, 18-ஆம் தேதி முதல் நடப்பு. இதுவரை ஐஎல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் நான்கு பிரிவிலும் 7 வேண்டும். இனி எழுத்துப் பிரிவில் மட்டும் 6.5 போதும், மற்ற மூன்றும் மொத்தமும் 7. பிப்ரவரியில் எனக்கு எழுத்தில் சரியாக 6.5 வந்திருந்தது. மறுதேர்வு வேண்டாம்!

24 மார்ச்

முந்தாநாள் எழுதியதை நம்பி யாரும் தேர்வை ரத்து செய்துவிடாதீர்கள். வாரியம் கேட்பது பதிவுக்கு. பல்கலைக்கழகம் கேட்பது சேர்க்கைக்கு. நான் மனுப் போடும் இடத்தில் இன்னமும் எழுத்துக்கு 7 என்றுதான் போட்டிருக்கிறார்கள். தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஏப்ரலில் மறுபடி எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளி, அப்புறம் மலாய்மொழி இடைநிலைப்பள்ளி என்று வந்தவர்களுக்கு இந்தத் தேர்விலிருந்து விலக்கு எதிர்பார்க்க முடியாது, இரண்டு மாதம் ஒதுக்குங்கள். எனக்கு உதவியது தினமும் ஒரு கட்டுரையை 40 நிமிடத்துக்குள் கையால் எழுதியதுதான்.

13 ஏப்ரல்

ஓய்வு பெற்ற வார்டு சிஸ்டர் ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வேலை செய்தவர். அவர் கேட்டது இதுதான்: "இவ்வளவு எழுதினாயே, இங்கே இருக்கும் டிப்ளோமாவைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, ஏன் மகளே?"

உண்மைதான், எழுதவில்லை. டிகிரி வைத்திருப்பவர் டிப்ளோமாவுக்குப் போவதைக் கீழே இறங்குவதாக நானும் உள்ளுக்குள் நினைத்திருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் தங்கையின் அம்மாவைப் பற்றி ஏதாவது எழுதலாமா என்று ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன், அதே எண்ணம்தான் எனக்குள்ளும் இருந்திருக்கிறது.

மலேசியாவில் நர்ஸ் ஆக இரண்டு வழி: மூன்று வருஷ டிப்ளோமா, அல்லது நான்கு வருஷ டிகிரி. முடித்துவிட்டு மலேசிய தாதியர் வாரியத்தின் தேர்வு, பதிவு, அப்புறம் வருஷா வருஷம் தொழில் செய்யும் சான்றிதழ். 1950-ஆம் ஆண்டு தாதியர் சட்டம்தான் அடிப்படை. முன்பு வாங்கிய பட்டம் எந்தத் துறையாக இருந்தாலும் இங்கே வருஷம் குறையாது. டிப்ளோமாவுக்குப் பார்ப்பது எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிவைத்தான். 27 வயதில் 18 வயதுப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். ஆனால் கட்டணம் வெளிநாட்டோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு, வீட்டிலிருந்தே போகலாம், பயிற்சி முழுக்க நம் நோயாளிகளோடு, நம் மொழிகளில். பதிவானபின் போஸ்ட் பேசிக் என்ற சிறப்புப் பயிற்சி படிக்கலாம், சிறுநீரகப் பிரிவுக்கும் உண்டு. அப்பாவின் கையைக் காப்பாற்றிய மிஸ்ஸி அப்படிப் படித்தவர்தான். டிப்ளோமா, பிறகு போஸ்ட் பேசிக்.

தங்கச்சி, அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். இங்கேயே இருந்து இங்கேயே வேலை செய்யும் எண்ணம் இருந்தால் நேர்வழி டிப்ளோமாவோ டிகிரியோதான், மாஸ்டர்ஸ் இல்லை. வெளிநாட்டில் இந்த இரண்டு வருஷப் படிப்பை முடித்துவிட்டுத் திரும்பி வரும் எண்ணம் இருந்தால், காசு கட்டுவதற்கு முன்பே மலேசிய தாதியர் வாரியத்திடம் படிப்பின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் எழுதி அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

14 ஏப்ரல்

சித்திரைப் புத்தாண்டு வாழ்த்து. ஐஎல்ட்ஸ் போன வாரம் எழுதிவிட்டேன்.

2 மே

எழுத்தில் 7. அவ்வளவுதான், அந்த அத்தியாயம் முடிந்தது.

18 மே

மனுக் கட்டுரை. இரண்டு பேர் தங்கள் வரைவை அனுப்பியிருந்தீர்கள், இரண்டிலும் "சிறு வயதிலிருந்தே சேவை செய்ய ஆசை" என்று ஆரம்பம். என் முதல் வரைவும் அப்படித்தான் ஆரம்பித்தது, அதனால்தான் சொல்கிறேன். அதை எடுத்துவிடுங்கள். படிப்பவருக்கு அதிலிருந்து உங்களைப் பற்றி ஒன்றும் தெரியவராது.

பழைய துறையை மறைக்காதீர்கள். தொழிற்சாலையில் ஒவ்வொரு அளவையும் வரைபடத்தில் புள்ளியாக வைப்போம். எல்லைக் கோட்டைத் தாண்டினால்தான் கோளாறு என்று காத்திருக்க மாட்டோம். ஆறு புள்ளி தொடர்ந்து ஒரே திசையில் ஏறினாலோ இறங்கினாலோ, எல்லைக்குள்ளே இருந்தாலும் மிஷினை நிறுத்திப் பார்ப்போம். டயாலிசிஸ் நடக்கும்போது அப்பாவின் ரத்த அழுத்தத்தை மிஸ்ஸி குறித்துக்கொண்டே வருவார். ஒரு நாள் 138, 131, 124, 117 என்று இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு எண்ணும் தனியாகப் பார்த்தால் நல்ல எண்தான். அவர் நீர் எடுக்கும் வேகத்தைக் குறைத்துவிட்டு அப்பாவின் காலைத் தூக்கி வைத்தார். எனக்கு அந்தத் தாளைப் பார்க்கத் தெரிந்திருந்தது, ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. அந்த இடைவெளியைத்தான் படிக்க வருகிறேன் என்று எழுதினேன்.

தொடர்புத்துறை படித்தவருக்கும் இப்படி ஒன்று இருக்கும். ஒருவர் சொல்லாமல் விட்டதைக் கேட்டு வாங்கத் தெரிந்திருக்கிறீர்கள். நோயாளியிடம் முதல் வேலை அதுதானே.

19 மே

மனுக் கட்டுரையில் என் பாட்டியைப் பற்றி எழுதினேனா என்று ஒருவர் கேட்டார். கெடாவில் ரப்பர் தோட்டம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசருக்கு (மருத்துவ உதவியாளர்) துணையாக இருந்தவர் பாட்டி, பிரசவம் பார்க்கவும் கூடப் போவார். அவருக்கு எந்தச் சான்றிதழும் இல்லை. லயத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் பாட்டியின் கையில் பிறந்தவர்கள் என்று அத்தை சொல்வார். முதலில் எழுதினேன், நீளமாக இருக்கிறதென்று எடுத்தேன், கடைசியில் மூன்று வரியாகத் திரும்பச் சேர்த்தேன். கையால் செய்த வேலைக்குத் தாளில் பெயர் இல்லாமல் போவது என்ன என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும். பதிவு, பதிவு என்று நான் இங்கே திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அதுவும் காரணம்.

8 ஜூன்

ஒரு திருத்தம். வயது ஒரு தடை இல்லை என்று தனிச் செய்தியில் சிலருக்குச் சொல்லியிருந்தேன். படிப்பில் சேர வயது தடை இல்லை. ஆனால் படித்து முடித்தபின் ஆஸ்திரேலியாவில் தங்கி வேலை செய்யும் 485 விசாவுக்கு, போன ஜூலை முதல் இந்த வகை முதுகலைக்கு 35 வயது வரைதான். முன்பு 50. இப்போது 34 வயதில் இருப்பவர் இரண்டு வருஷம் படித்து முடித்தால் அந்த வரம்பைத் தாண்டியிருப்பார். நான் 34-இல் முடிப்பேன், மயிரிழை. ஈப்போவிலிருந்து எழுதிய அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், உங்களுக்குப் பிரிட்டன் கணக்கைத் தனியாக உட்கார்ந்து பார்ப்போம்.

2 ஜூலை

ஆஸ்திரேலிய மாணவர் விசாக் கட்டணம் நேற்றிலிருந்து 2,000 டாலர். போன வருஷம் 1,600. விசா மறுக்கப்பட்டாலும் இது திரும்பக் கிடைக்காது.

பணக் கணக்கை எல்லாரும் கேட்கிறீர்கள், சரி. பாடக் கட்டணம் பெரிய பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு 40,000 டாலரைத் தாண்டும். அதோடு ஒரு வருஷச் செலவுக்கு 29,710 டாலர் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும், நம் காசில் எண்பதாயிரம் வெள்ளி பக்கம். படிக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம். ஆனால் பயிற்சி வாரங்களில் அதற்குத் தெம்பு இருக்காது என்று அங்கே படிப்பவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அந்த வாரங்களுக்கு வேலைச் சம்பளம் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். இந்த மாதம் முதல் பயிற்சிக்கால உதவித்தொகை என்று ஒன்று அங்கே ஆரம்பித்திருக்கிறது, வெளிநாட்டு மாணவருக்கு அது இல்லை.

எனக்கு ஏழு வருஷச் சேமிப்பு, மைவி காரை விற்ற காசு, அப்புறம் இபிஎஃப் என்ற தொழிலாளர் சேமநிதி. போன வருஷம் மே மாதம் இபிஎஃப் மூன்று கணக்காகப் பிரிந்ததல்லவா, அதில் செஜாத்திரா கணக்கிலிருந்து உயர்கல்விக்கு எடுக்கலாம், வெளிநாட்டுப் படிப்புக்கும். முதுமைக்கு வைத்த காசு, எடுக்கும்போது கை நடுங்கியது. மீதிக்குத் தம்பி உத்தரவாதக் கையெழுத்துப் போடுகிறான்.

10 ஆகஸ்ட்

இடம் கிடைத்துவிட்டது. 2026 பிப்ரவரி வகுப்பு. எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், போய்ச் சேர்ந்த பிறகு சொல்கிறேன்.

அப்பாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "ஊசி குத்தும்போது வலிக்காமல் குத்தப் படி" என்றார்.

31 ஆகஸ்ட்

தடுப்பூசித் தாள்கள். இதைக் கடைசியில் வைத்துக்கொள்ளாதீர்கள். பயிற்சிக்கு உள்ளே விடுவதற்கு முன் ஹெப்பாடைட்டிஸ் பி, தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா, சின்னம்மை, கக்குவான் எல்லாவற்றுக்கும் சான்று வேண்டும். காசநோய்ப் பரிசோதனையும் உண்டு. ஹெப்பாடைட்டிஸ் பி நம் நாட்டில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் போடுகிறார்கள், அதனால் எனக்கு இருக்கும் என்று நிம்மதியாக இருந்தேன். ரத்தத்தில் எதிர்ப்பு அளவு 10-க்குக் குறையாமல் இருக்க வேண்டும், எனக்கு 4. காலப்போக்கில் இறங்குவது சகஜம் என்றார் கிளினிக் டாக்டர். ஒரு ஊசி இரண்டு வாரத்துக்கு முன்பே போட்டாகிவிட்டது, ஒரு மாதம் ஆனதும் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். காசநோய்க்குத் தோல் பரிசோதனை செய்தால் குழந்தையில் போட்ட பிசிஜியால் தவறாகப் பாசிட்டிவ் காட்டலாம், ரத்தப் பரிசோதனையாகக் கேளுங்கள்.

14 செப்டம்பர்

விசா மனுவில் ஏன் துறை மாறுகிறாய் என்பதற்கு விளக்கம் எழுத வேண்டும், ஒவ்வொரு கேள்விக்கும் 150 சொல்லுக்குள். துறை மாறுகிறவர்கள் இங்கேதான் சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள். ஊர்கதை வேண்டாம். பழைய வேலை, மாறக் காரணமான நிகழ்ச்சி, இந்தப் படிப்பு ஏன், முடித்தபின் என்ன. வேலைக் கடிதம், சம்பளச் சீட்டு எல்லாம் சேர்த்து வையுங்கள்.

ஹெப்பாடைட்டிஸ் பி இப்போது 212. அப்பாடா.

21 அக்டோபர்

தீபாவளி நேற்று, திங்கட்கிழமை. சிறுநீரகத்துக்குப் பண்டிகை தெரியாது, அப்பா காலை ஆறு மணிக்கே டயாலிசிஸ் போனார். எப்போதும் பார்க்கும் மிஸ்ஸி லீவு. ஹரிராயாவுக்கு இவர் நின்றதால் தீபாவளிக்கு மலாய்க்கார மிஸ்ஸி ஒருவர் நின்றார். முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் அப்பாவைப் பார்த்து, இன்றைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தீர்கள் என்று மலாயில் அதட்டினார். அப்பா ஐந்து விரலை நீட்டினார், பிறகு ஒன்றை மடக்கினார்.

பிரிக்பீல்ட்ஸ் தங்கை எழுதியிருக்கிறார்: ஜனவரியில் கேஎல்லில் டிப்ளோமா சேர்கிறாராம். அம்மாவே கூட வந்து யூனிஃபார்முக்கு அளவு கொடுத்தாராம். ரொம்ப சந்தோஷம். உங்கள் முதல் வார்டு நாள் எப்படி இருந்தது என்று கட்டாயம் எழுதுங்கள், எனக்கு முன்னால் நீங்கள் போகப் போகிறீர்கள்.

9 நவம்பர்

விசா வந்துவிட்டது.

தம்பியை உட்கார வைத்து அப்பாவின் கையில் எங்கே தொட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். காலையில் ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை. அவனுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை, அழுத்தி அழுத்தித் தேடினான். அழுத்தாதே, விரலைச் சும்மா வை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஆமாக்கா, ஓடுது" என்றான்.